ஒரே டேங்கில் ஐந்து மருந்து

கோமதிநாயகம் மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்காவது முறையாகக் கடைப்படி ஏறியபோது ஷீலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. முதல் மூன்று தடவையிலேயே அது செலவாகிப்போயிருந்தது.

"பம்பு நின்னுபோச்சு," என்று டேங்கை மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"போன புதன்கிழமைதான அண்ணாச்சி க்ளீன் பண்ணிக் குடுத்தோம்?"

"அதத்தான் நானும் கேக்கேன். புதன்கிழமை குடுத்தீங்க, வெள்ளிக்கிழமை நிக்குது. ரெண்டு நாளு ஓடுததுக்குப் பேரு பம்பா?"

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் ஒரு டயர் கடையை ஒட்டி இருக்கிறது அந்தக் கடை. பேட்டரியில் ஓடும் மருந்து டேங்குகளை விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் பிரவின்ராஜின் தொழில். ஷீலா அவருடைய மனைவி. நாற்பதை நெருங்குகிற வயது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அவள் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. கழுத்தில் சிலுவை போட்டு, கண்ணாடி மாட்டி, நிதானமாகப் பேசுகிற பெண் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

உண்மையில் அவள் ஒன்பது வருடம் பூச்சி மருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்.

ஷீலாவின் அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் எடை போடுகிறவர். மகளைத் திருநெல்வேலிக்கு அனுப்பி வேதியியல் படிக்க வைத்தார். படித்து முடித்த வருடமே சென்னைக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. அங்கே போகும்வரை, பெரிய அண்டாவில் விஷத்தைக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றுவார்கள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். போனபிறகுதான் தெரிந்தது, விஷம் அங்கே செய்யப்படுவதே இல்லை. அது குஜராத் பக்கத்துத் தொழிற்சாலைகளில், நீராவிச் சூடு ஏற்றிய இரும்புக் கலன்களில், ஒரு ரசாயனத்தோடு இன்னொன்றைச் சேர்த்து, சூடாக்கி, ஆற்றி, கழுவி, உலர்த்தி, ஏழெட்டுக் கட்டம் தாண்டி உருவாகும். ‘டெக்னிக்கல்’ என்று அதற்குப் பெயர். மூடி முத்திரையிட்ட நீல டிரம்களில் லாரியில் வந்து இறங்கும். ஒன்று மெழுகுக் கட்டியாக இருக்கும், ஒன்று பழுப்புத் தேன் மாதிரி, இன்னொன்று மாவு மாதிரி.

அதை அப்படியே விவசாயியிடம் கொடுத்துப் பயனில்லை. ஒரு ஏக்கருக்கு ஒரு கை அளவுகூடத் தேவைப்படாத சமாச்சாரம் அது. அந்தச் சிறு அளவை ஒரு ஏக்கரின் எல்லா இலைகளிலும் எப்படிப் பரப்புவது? தண்ணீரில் போட்டால் கரையாது. ஷீலாவின் தொழிற்சாலையின் வேலையே, அதைத் தண்ணீரோடு சேர்கிற பொருளாக மாற்றுவதுதான். மருந்தை ஒரு எண்ணெயில் கரைப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதால், இரண்டையும் பிடித்து வைக்கிற சோப்பு மாதிரியான ஒன்றைச் சேர்ப்பார்கள். பொடியாக வேண்டுமென்றால் களிமண்ணோடு கலந்து, காற்றின் வேகத்திலேயே அரைக்கிற இயந்திரத்தில் விட்டு, முகப் பவுடரைவிட நைசாக எடுப்பார்கள். குருணை என்றால் மணல்மேல் பூசுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு சீசா ஷீலாவின் மேஜைக்கு வரும்.

நூறு மில்லி உப்புத் தண்ணீரில் ஐந்து மில்லி மருந்து. வெதுவெதுப்பான தொட்டியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பால் மாதிரி வெளுத்து அப்படியே நின்றால் மருந்து பாஸ். மேலே ஆடை கட்டி, அந்த ஆடை இரண்டு மில்லியைத் தாண்டினால் ஃபெயில். சாதாரணத் தண்ணீரில் பார்க்காமல் ஏன் உப்புத் தண்ணீரில் பார்க்கவேண்டும் என்று சேர்ந்த புதிதில் கேட்டாள். கிணற்றுத் தண்ணீர் அப்படித்தானே இருக்கும் என்றார்கள்.

ஒரு ஜூன் மாதம், ஒரு பெரிய கலவை மூன்றரை மில்லி ஆடை கட்டியது. உற்பத்தி மேலாளர் அவள் அறைக்கே வந்து நின்றார். "சீசன் ஆரம்பிச்சாச்சு. வெளிய லாரி நிக்குது. ஒன்றரை மில்லிக்காக நிறுத்தி வைப்பியா?" ஷீலா இன்னும் மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அதே ஆடை. கையெழுத்துப் போடவில்லை. கலவையைத் திரும்பக் கலனில் ஏற்றிச் சரி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருடம் மேலாளர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. எங்கோ ஒரு வயல்காட்டில், முகம் தெரியாத ஒரு விவசாயியின் டேங்கில் அந்த மருந்து திரியாமல் நிற்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி அந்த விவசாயியை நினைத்து நினைத்தே ஒன்பது வருடம் ஓடியது.

முப்பது வயதில் பிரவின்ராஜைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வந்தாள். பள்ளிக்கூடங்களில் வேலை கேட்டாள். பி.எட். இருக்கிறதா என்றார்கள். ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கேட்டாள். அதற்கு வேறு படிப்பு என்றார்கள். கடைசியில் கணவரின் கடையில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெரியாமல் இருந்த அந்த விவசாயி, முகத்தோடு கடைப்படி ஏறி வர ஆரம்பித்தார்.

வந்த விவசாயி அவள் நினைத்திருந்தவராக இல்லை.

லேபிளில் வைரம் மாதிரி ஒரு கட்டம் போட்டு, அதன் பாதியில் நிறம் அடித்திருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு மிகக் கொடிய விஷம். மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கான அடையாளம் அது. கடைக்கு வருகிறவர்களோ அதைப் பூச்சிக்கான மார்க்காக எடுத்துக்கொண்டார்கள். "செவப்பு போட்டதுன்னா நல்லாக் கேக்கும். பச்சை எல்லாம் சும்மா." ஷீலா விளக்குவாள். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த முறையும் சிவப்பையே வாங்கிக்கொண்டு வருவார்கள். மூடி அளவு என்றால் எந்தப் பாட்டிலின் மூடி என்று கணக்கில்லை. லேபிளை யாரும் படிப்பதில்லை. படிக்கும்படி அது அச்சாகியிருக்கவும் இல்லை. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அந்தக் கோபமும் அவளுக்கு உண்டு. அந்த லேபிள் ஒட்டிய பாட்டில்களை ஒன்பது வருடம் பாஸ் போட்டு அனுப்பியவள் அவள்தானே.

இப்போது கோமதிநாயகத்துக்கு வருவோம். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவர். ஐம்பத்தைந்து வயது. கெட்டவர் இல்லை. எதையும் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லவேண்டிய ஆள், அவ்வளவுதான். அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

"பழைய மோட்டார மாட்டி என் தலைல கட்டிட்டீங்க. ஊருக்குள்ள போயிச் சொல்லத்தான் போறேன்."

பிரவின்ராஜ் சண்டைக்குப் பயப்படுகிற மனிதர். ஷீலாவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு புது மோட்டாரக் குடுத்து அனுப்பிருவோமா?" என்றார்.

"குடுங்க. அடுத்த வாரம் அதையும் தூக்கிட்டு வருவாரு."

அவள் டேங்கைக் கவிழ்த்து வடிகட்டியைக் கழற்றினாள். உள்ளே திரிந்த பால் மாதிரி வெள்ளைக் கட்டிகள். ஒரு குச்சியால் தோண்டி எடுத்து, காகிதத்தில் வைத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"அது... மருந்து."

"மருந்து தண்ணி மாதிரில்ல இருக்கணும்? இதப் பிச்சிச் சாப்பிடலாம் போல இருக்கு. நாளைக்கு வாங்க. டேங்குல என்னென்ன ஊத்துதீங்களோ அம்புட்டையும் கொண்டாங்க. ஒங்க போர்த் தண்ணில ஒரு பாட்டிலும் வேணும்."

"தண்ணி எதுக்கு?"

"கொண்டாங்க."

மறுநாள் காலையில் ஒரு உரச்சாக்கோடு வந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு திரவ மருந்துப் பாட்டில், ஒரு பூஞ்சாண மருந்துப் பொடி, லேபிளே இல்லாத ஒரு கறுப்புப் பாட்டில், நாலைந்து ஷாம்பு பாக்கெட்.

"ஷாம்பு தலைக்கா?"

"இல்ல டீச்சர், மருந்து எலைல ஒட்டுததுக்கு."

"இந்தக் கறுப்புப் பாட்டிலு?"

"டானிக்கு. கடைக்காரரு குடுத்தாரு. பூ நல்லாப் பிடிக்குமாம்."

"என்ன டானிக்கு?"

"டானிக்குன்னா டானிக்குதான்."

ஷீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு திரவப் பாட்டில்களையும் வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். ஒன்றில் சிங்கம் படம், மற்றதில் மின்னல் படம். கம்பெனி வேறு, பெயர் வேறு. அடியில் எறும்பு எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் போட்டிருந்தது. இரண்டிலும் ஒரே பெயர். சதவீதமும் ஒன்று.

"அண்ணாச்சி, இது ரெண்டும் ஒண்ணு."

"எப்படி ஒண்ணாகும்? இது சிங்கம், இது மின்னலு."

"படந்தான் வேற. உள்ள இருக்கது ஒரே விஷம். நீங்க ஒவ்வொரு வாட்டியும் ஒரே மருந்த ரெண்டு மடங்கு அடிச்சிட்டு இருக்கீங்க."

கோமதிநாயகம் இரண்டு பாட்டிலையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே மருந்துன்னா அதுக்கு எதுக்குமா ரெண்டு பேரு வைக்கான்?"

ரெண்டு என்ன, அதே மருந்து ஐம்பது பெயரில் விற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் மேஜைக்கே ஒரே கலனிலிருந்து வந்த மருந்து, நாலு விதமான லேபிளோடு வெளியே போயிருக்கிறது. சொல்லவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அவர் ஊற்றுகிற அதே அளவில், அவர் கொண்டுவந்த தண்ணீரில், ஐந்தையும் கலந்தாள். பத்தாவது நிமிடம் மேலே எண்ணெய் மிதந்தது. நடுவில் தயிர்க்கட்டி. அடியில் பொடி வண்டலாகப் படிந்தது. கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதத்தான் பம்பு உறிஞ்சணும்னு சொல்லுதீங்க," என்றாள். "ஒரு செடிக்கு வெறும் எண்ணெ போகும். அடுத்த செடிக்கு வெறும் தண்ணி போகும். எண்ணெ பட்ட செடி கருகும், தண்ணி பட்டதுல புழு அப்படியே இருக்கும். கேக்கலன்னுட்டு நீங்க இன்னொரு மருந்தச் சேப்பீங்க."

கோமதிநாயகம் டம்ளரை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். மெல்ல ஆரம்பித்து, கடைசியில் மறுபடியும் கத்தினார்.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா பூ மார்க்கெட்டுல வந்து ஒருநாளு நின்னு பாருங்க. யாவாரி கூடையக் கொட்டிப் பாக்கான். நாலு மொக்கு வயலட்டா இருந்தா கூடையவே தள்ளி வைக்கான். நெல்லுன்னா நாளைக்கு விப்பேன். பூவ நாளைக்கு வைக்க முடியுமா? பக்கத்துக் காட்டுக்காரன் அடிச்சிட்டான்னா அவன் பூச்சி பூரா என் காட்டுக்கு வருது. அடிக்காம எப்படி இருப்பேன்? ஆசப்பட்டா அடிக்கேன்? அந்த வாடையில ரெண்டு நாளு சோறு எறங்காது எனக்கு."

ஷீலாவின் பழைய கம்பெனியில் சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். பயிரில் மூன்றில் ஒரு பங்கைப் பூச்சியும் நோயும் தின்கின்றன என்று எழுதியிருக்கும். அதைத் தினமும் பார்த்தபடிதான் உள்ளே போவாள். யாவாரி தள்ளி வைத்த கூடையை அந்தப் படத்தில் பார்த்ததில்லை.

சிங்கப் பாட்டிலை மட்டும் தனியாக அவர் தண்ணீரில் கலந்து பார்த்தாள். தனியாகவே கால் மணி நேரத்தில் ஆடை கட்டியது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் கலந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் பால் மாதிரியே நின்றது. அவருடைய போர்த் தண்ணீரில் சோப்பைக் கரைத்துக் குலுக்கினாள். நுரையே வரவில்லை. அழுக்குத் திரைதான் மிதந்தது. தொழிற்சாலையில் எவ்வளவு உப்புப் போட்டுச் சோதித்தார்களோ, அதைவிடப் பல மடங்கு உப்பு அந்தத் தண்ணீரில் இருக்கவேண்டும். குளிர்பதன அறையில் உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்கள் யாரும் கரிவலத்தில் போர் போட்டுப் பார்த்ததில்லை.

"மருந்த மாத்த வேண்டாம். தண்ணிய மாத்துங்க," என்றாள்.

"தண்ணிய மாத்தவா?" கோமதிநாயகம் பிரவின்ராஜைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிற பார்வை. பிரவின்ராஜ் டேங்குக் குழாயில் மருந்து பீச்சுகிற முனையில் ஒரு புது நாசில் மாட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டு, "அவ சொன்னா சரியா இருக்கும் அண்ணாச்சி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் ஷீலா கணவரின் பைக்கில் ஏறி அவருடைய மல்லிகைக் காட்டுக்கே போனாள். போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த நாலு வயலட் மொக்கு அவள் மனதில் கிடந்து உறுத்தியது.

போய் இறங்கியதுமே அது கண்ணில் பட்டது. வரப்போரம் கோமதிநாயகத்தின் மனைவி மாடத்தி ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் முழங்கை வரை கையை விட்டு மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி! கைய எடுங்க!"

மாடத்தி திடுக்கிட்டு எடுத்தாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கட்டியில்லாம கலக்கணும்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்களாம்?" என்றாள் மாடத்தி. "குச்சியில கலக்குனா கட்டி கரையல. அதான்."

ஷீலா அவளைக் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தாள். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுத்தது. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"டேங்கு வாங்கும்போது கையுறை குடுத்தோமே அண்ணாச்சி, எங்க அது?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. வீணாப் போயிரும்லா."

பிரவின்ராஜ் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஷீலா இடுப்பில் கையை வைத்து நின்றாள். "தோலு வீணாப் போகாதா?" என்று மட்டும் கேட்டாள்.

பீரோவிலிருந்து எடுத்து வந்த கையுறை மாடத்திக்கு இரண்டு விரல்கடை பெரிதாக இருந்தது. மறுநாள் ஷீலா திருநெல்வேலிக்குப் போன் போட்டுச் சின்ன அளவு கேட்டாள். "பொம்பளைங்க மருந்தடிக்க மாட்டாங்களே மேடம், அந்தச் சைசு நாங்க எடுக்கதில்ல," என்றது மறுமுனை. கலக்குவது யார் என்று அவள் பத்து நிமிடம் பாடம் நடத்திய பிறகுதான் இரண்டு டஜன் அனுப்பச் சம்மதித்தார்கள்.

காட்டில் அன்றைக்கு அவள் வயலட் மொக்கு ஒன்றைப் பிய்த்துப் பிரித்தாள். அடிப்பாகம் வீங்கியிருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளைப் புழுக்கள். மருந்து எப்படிச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவளுக்கு வராது. போட்டோ எடுத்து அப்ராவுக்கு அனுப்பினாள். அப்ரா அவளோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவள். வயல்களில் மருந்தைப் போட்டுப் பார்க்கிற பிரிவில் இருந்தாள். இப்போது கடையநல்லூரில் இருக்கிறாள். சிறிது நேரத்தில் அப்ராவே கூப்பிட்டாள்.

"இது மொக்குக்குள்ள முட்டை வைக்கிற ஈ, ஷீலா. புழு மொக்குக்குள்ள இருக்கும், பெறவு மண்ணுல விழுந்து கூடு கட்டும். மேல எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு முழுசாப் போய்ச் சேராது. வயலட் மொக்கு எல்லாத்தையும் பறிச்சு எரிக்கச் சொல்லு. செடிக்கடியில மண்ணக் கொத்திவிடச் சொல்லு. பெறவு ஒரே ஒரு மருந்து, சரியான அளவுல."

கோமதிநாயகம் போன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார். "அப்ப நான் இத்தன நாளு யாருக்கு அடிச்சேன்?" என்றார்.

மாடத்தி குனிந்து பக்கத்துச் செடியில் வயலட் மொக்குகளைப் பறிக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் பிரச்சினை தண்ணீரில் வந்து நின்றது. வீட்டுக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் கலக்கலாம் என்றாள் ஷீலா. மாடத்தி அவளை ஏதோ பாவத்தைச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "குடிக்கதுக்கே எட்டு நாளைக்கு ஒருக்காதான் வருது. அத மருந்துல ஊத்தவா?" அதுவும் நியாயம்தான். பக்கத்தில் வேறு கிணறு இருக்கிறதா என்று கேட்டாள். கோமதிநாயகம் மூன்று கிணறுகளின் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுவந்தார். மூன்றிலும் சோப்பு நுரைக்கவில்லை. நாலாவதாக ஒரு கிணறு இருப்பதை அவர் சொல்லவே இல்லை. கூட வந்திருந்த மாடத்தி சொன்னாள். வடக்கே சண்முகையாவின் பழைய திறந்த கிணறு. அந்தத் தண்ணீரில்தான் துணி வெளுக்கும் என்று ஊருக்கே தெரியுமாம்.

"அப்ப அங்கன போய் எடுக்க வேண்டியதுதான அண்ணாச்சி?"

"அவன்ட்ட நான் பேசுததில்ல."

சண்முகையா அவருடைய சித்தப்பா மகன். பதினோரு வருடத்துக்கு முன் வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தை யார் வெட்டுவது என்று ஆரம்பித்த சண்டை. மரம் புயலில் தானாகவே விழுந்துவிட்டது. சண்டை மட்டும் நிற்கிறது.

"நாலு குடம் தண்ணிதான கேக்கணும்," என்றார் பிரவின்ராஜ்.

"பூ பூரா காய்ஞ்சு போனாலும் அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்."

உப்பு எவ்வளவு, ஆடை எவ்வளவு என்று அளந்துவிடலாம். புழுவுக்கு அப்ராவைக் கேட்கலாம். இதற்கு எந்த ஆய்வகத்தில் போய் நிற்பது? "ஒங்க இஷ்டம். இனிமே பம்பு அடைச்சா இங்க கொண்டு வராதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மாடத்தி தனியாகக் கடைக்கு வந்தாள். புதுக் கையுறை வந்திருக்கிறதா என்று கேட்டாள். போட்டுப் பார்த்தாள். விரல் சரியாக உட்கார்ந்தது. கிளம்பும்போதுதான் மெதுவாகச் சொன்னாள். அவள் இடுப்பில் குடத்தோடு தானே சண்முகையா வீட்டுக்குப் போய், "கொழுந்தனாரே, தண்ணி எடுத்துக்கிடுதேன்," என்று சொல்லி எடுத்து வந்துவிட்டாளாம். வாளியைக் கிணற்றில் இறக்கி ரெண்டு குடம் அவரே இறைத்துக் கொடுத்தாராம்.

"அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலயா?"

"அவருக்குத் தெரியாது. எங்கேருந்து வந்த தண்ணின்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. ஒரு மருந்துதான் ஊத்துனேன். கட்டி பிடிக்கல. வயலட் மொக்க தெனமும் பறிச்சு எரிக்கேன். இப்பம் கொறஞ்சிருக்கு. முழுசாப் போகல. ஆனா யாவாரி கூடையத் தள்ளுததில்ல."

ஷீலாவுக்கு அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. ஆடை கட்டாத கலவை ஒன்று கடைசியில் ஒரு விவசாயியின் டேங்கில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிரவின்ராஜிடம் இரண்டு முறை சொன்னாள். அந்தச் சந்தோஷம் சரியாகப் பூ மார்க்கெட் கூடுகிற அடுத்த காலை வரை நின்றது.

காலை ஒன்பது மணிக்குக் கடைமுன் நாலு பேர் நின்றார்கள். மதியத்துக்குள் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பொருள் வேண்டும்.

"கோமதிநாயகத்துக்கு மாட்டுனீங்களாமே ஒரு நாசில், அது குடுங்க."

கோமதிநாயகம் பூ மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நாசில் மாற்றியதும் பம்பு அடைப்பதே இல்லை, பூவும் சுத்தமாக வருகிறது என்று. தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒற்றை மருந்தையும், வயலட் மொக்கு பறிப்பதையும் அவர் சொல்லவில்லை. நாசிலை மட்டும் பெருமையாகச் சொன்னார்.

ஷீலா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். நாசிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதல் ஆளிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. தனக்கு மட்டும் தர மறுப்பதாக நினைத்துக் கோபப்பட்டார். இரண்டாவது ஆளிடம் சிங்கத்தையும் மின்னலையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாசில் இருக்கா இல்லையா?" என்றார். பிரவின்ராஜ் பெட்டியைத் திறந்து எடுக்கப் போனார். ஷீலா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாசில் இருக்கு," என்று எல்லோரும் கேட்கும்படிச் சொன்னாள். "ஆனா சும்மா தர முடியாது. ஒவ்வொருத்தரும் ஒங்க கெணத்துத் தண்ணில ஒரு பாட்டிலும், டேங்குல ஊத்துத மருந்து பூராவும் கொண்டாங்க. பாத்துட்டுத்தான் குடுப்பேன். ஒவ்வொரு தண்ணிக்கு ஒவ்வொரு நாசில்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மூன்றாவது ஆள். இதுவரை சொன்னதில் அவருக்குப் புரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

அது பொய் என்று ஷீலாவுக்குத் தெரியும். ஒன்பது வருடம் ஒன்றரை மில்லிக்குக்கூடப் பொய் சொல்லாதவள் அவள். பிரவின்ராஜ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

இப்போது கடை அலமாரியில் நாசில்களுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். வந்து கேட்கிறவர்களில் மூன்றில் ஒருவர் தண்ணீரோடு திரும்பி வருகிறார். மற்ற இருவரும் தெருக்கோடியில் இருக்கிற கடையில் போய் நாசில் வாங்கிக்கொள்கிறார்கள். பிரவின்ராஜ் அதைச் சொல்லி முனகுவார். ஷீலா கேட்காதவள் மாதிரி டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைக்கும்போது, சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் சாக்கைப் பிரித்து மேஜைமேல் பாட்டில்களை எடுத்து வைக்கிறார். அவள் எண்ணுகிறாள். ஏழு.